இன்ஆக்டிவா, ரிட்டயர்டா? கலிஃபோர்னியாவில் உரிமம் வைத்திருக்கும் சமூகப் பணியாளர்களுக்கு

போன மாதம் ஒரு தோழி ஃபோனில் சொன்னாள்: "அம்மாவுக்கு முடியலைடி. ஒரு வருஷமோ ரெண்டு வருஷமோ மதுரையிலதான் இருக்கணும் போல. லைசென்ஸை ரிட்டயர் பண்ணிடறேன், நாற்பது டாலர்தானே?"

அவள் கலிஃபோர்னியாவில் எல்.சி.எஸ்.டபிள்யூ., அதாவது உரிமம் பெற்ற கிளினிக்கல் சமூகப் பணியாளர். பன்னிரண்டு வருட அனுபவம். அடுத்தவர் வீட்டுச் சிக்கலை அரை மணி நேரத்தில் பிரித்து வைத்துவிடுவாள். தன் உரிமம் எந்த நிலையில் இருக்க வேண்டும் என்று மட்டும் ஒருநாளும் யோசித்ததில்லை. ஊரில் எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணியில் முதுகலை) முடித்துவிட்டு இங்கே வந்த பலரும் அப்படித்தான். அங்கே பட்டம் வாங்கினால் வாங்கியதுதான். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பணம் கட்டிப் புதுப்பிக்கிற பழக்கம் நமக்குக் கிடையாது.

"படிவத்தை இன்னிக்கு அனுப்பாதே" என்றேன். அன்று அவளிடம் சொன்னதை இங்கே கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன். இது கலிஃபோர்னியாவுக்கு மட்டும். மற்ற மாநிலங்களில் கணக்கே வேறு. நியூயார்க்கில் உரிமம் ஆயுளுக்கும் உண்டு, மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பது பதிவை மட்டும்தான். அங்கே இருப்பவர் இதைப் படித்துவிட்டு விண்ணப்பம் போட வேண்டாம். இன்னும் அசோசியேட்டாக, அதாவது முழு உரிமத்துக்கு முன் மேற்பார்வையில் வேலை செய்து மணி நேரம் சேர்த்துக்கொண்டிருப்பவர்களுக்கும் இது பொருந்தாது. முழு உரிமம் கையில் இருப்பவர்களுக்குத்தான் இன்ஆக்டிவ், ரிட்டயர்ட் என்ற இந்த இரண்டு வழியும்.

முதலில், எது என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள்

உரிமம் தருவது சேக்ரமென்டோவில் இருக்கும் போர்டு ஆஃப் பிஹேவியரல் சயின்ஸஸ். பி.பி.எஸ். என்பார்கள். இங்கே போர்டு என்றே சொல்கிறேன். (அமெரிக்க மாநிலங்களிலேயே சமூகப் பணியாளர்களை முதலில் பதிவு செய்யத் தொடங்கியது கலிஃபோர்னியாதான், 1945இல். இன்றைய போர்டின் வேர் அந்தச் சட்டத்தில்தான் இருக்கிறது.)

வழக்கமாக வேலை செய்கிறவரின் உரிமம் ஆக்டிவ். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை 200 டாலர், 36 மணி நேரத் தொடர்கல்வி. அந்த 36இல் 6 மணி நேரம் சட்டமும் தொழில் நெறியும்.

இன்ஆக்டிவ் என்றால் உரிமம் உங்களுடையதுதான், ஆனால் அதை வைத்து வேலை செய்யக் கூடாது. கட்டணம் பாதி, 100 டாலர். தொடர்கல்வி வேண்டாம். ஆனால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புதுப்பித்தே ஆக வேண்டும். இதைத்தான் நிறையப் பேர் மறக்கிறார்கள். இன்ஆக்டிவ் போட்டாயிற்று, இனி போர்டு பக்கமே போக வேண்டியதில்லை என்று நினைத்துவிடுகிறார்கள்.

ரிட்டயர்ட் என்றால் ஒரே ஒருமுறை 40 டாலர், அதற்கப்புறம் புதுப்பிப்பே கிடையாது. வேலையும் செய்யக் கூடாது. திரும்பி வர மூன்று வருடம் வரை வழி உண்டு. மூன்று வருடம் ஆகிவிட்டால் புதிதாக விண்ணப்பம், கட்டணம், தேர்வுகள்.

நான்காவதாக ஒன்று இருக்கிறது, அதை யாரும் தேர்ந்தெடுப்பதில்லை, தானாக வந்து சேரும். எதுவுமே செய்யாமல் விட்டுவிட்டால் உரிமம் காலாவதியாகும். காலாவதியான மறுநாளே வேலை செய்யும் உரிமை போய்விடும். தாமதக் கட்டணத்தோடு புதுப்பிக்க மூன்று வருடம் வரை அவகாசம் உண்டு. அதையும் தாண்டினால் உரிமம் ரத்து, மறுபடி முதலிலிருந்து. "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று விடுகிறவர்கள் வந்து நிற்பது இங்கேதான். மூன்றில் எதை எடுத்தாலும் எடுங்கள், இதற்கு மட்டும் இடம் கொடுக்காதீர்கள்.

கட்டணங்கள் நடுநடுவே மாறும். பணம் கட்டும் அன்று போர்டின் இணையதளத்தில் இருக்கும் பட்டியலை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

திரும்பி வருவீர்களா?

எல்லாம் இந்த ஒரு கேள்வியில்தான் இருக்கிறது. நேர்மையாகப் பதில் சொல்லுங்கள், பக்கத்தில் யாரும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை.

பிரசவம், பெற்றோரைப் பார்த்துக்கொள்வது, கணவருக்கோ மனைவிக்கோ வேறு மாநிலத்தில் வேலை, உடம்பு சரியில்லை, அலுத்துப் போய்விட்டது: இதெல்லாம் இன்ஆக்டிவ். எழுபது வயது, அறையைக் காலி செய்தாயிற்று, இனி ஒரு கிளையண்டைக்கூடப் பார்ப்பதாக இல்லை என்றால் ரிட்டயர்ட். நடுவில் நின்று யோசிப்பவர்களுக்கு என் அபிப்பிராயம் இன்ஆக்டிவ்தான். பத்து வருடம் அப்படியே வைத்திருந்தாலும் ஐந்து புதுப்பிப்பு, 500 டாலர். ஐம்பது வயதில் மறுபடி உட்கார்ந்து தேர்வுக்குப் படிப்பதை நினைத்துப் பாருங்கள், 500 டாலர் பெரிதாகத் தெரியாது.

தோழி ஏமாந்தது 40 டாலரில். இரண்டு தொகையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் 40தான் மலிவு. ஆனால் மதுரைக்குப் போகிறவர்கள் ஒரு வருடம் என்றுதான் சொல்லிவிட்டுப் போகிறார்கள். நான் போனபோதும் ஒரு வருடம் என்றுதான் சொன்னேன். திரும்பியபோது மூன்று வருடமும் நான்கு மாதமும் ஆகியிருந்தது. அன்றைக்கு நான் இன்ஆக்டிவ் எடுத்தது பெரிய யோசனை எல்லாம் இல்லை, ரிட்டயர்ட் என்ற சொல் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். அந்தப் பிடிக்காத சொல்தான் என்னைக் காப்பாற்றியது.

இன்னொன்றும் கேட்டாள்: "அங்கேருந்தே ரெண்டு கிளையண்டை மட்டும் வீடியோல பார்த்துக்கலாமே?" பார்க்கலாம், ஆனால் அப்போது உரிமம் ஆக்டிவாக இருக்க வேண்டும், 36 மணி நேரத்தோடு. கிளையண்ட் உட்கார்ந்திருப்பது கலிஃபோர்னியாவில் என்றால் கலிஃபோர்னியாவின் சட்டம்தான், நீங்கள் டெக்சாஸில் இருந்தாலும் திருமங்கலத்தில் இருந்தாலும். கூடவே, அமெரிக்காவுக்கு வெளியே இருந்துகொண்டு தரும் சேவைக்கு, முதியவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் பணம் தராது. உங்கள் தொழில் காப்பீடு அங்கேயும் செல்லுமா என்று தனியாகக் கேட்க வேண்டும். ஒரு காலை மட்டும் உள்ளே வைத்துக்கொள்ள இன்ஆக்டிவில் வழி இல்லை.

தேதிக் கணக்கு

திரும்பி வரும்போது எத்தனை மணி நேரத் தொடர்கல்வி வேண்டும் என்பதில் 18, 36 என்று இரண்டு எண்கள். இரண்டு நிலைக்கும் அதே எண்கள்தான். ஆனால் எண்ணும் திசை வேறு. படிவங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நானே இரண்டு முறை தப்பாகப் படித்திருக்கிறேன்.

இன்ஆக்டிவில் முன்னோக்கி எண்ண வேண்டும். ஆக்டிவாக மாற்றக் கேட்கும் நாளிலிருந்து அடுத்த புதுப்பிப்புக்கு எத்தனை மாதம் இருக்கிறது? ஒரு வருடத்துக்குக் குறைவு என்றால் 18 மணி நேரம், அதற்கு மேல் என்றால் 36. உதாரணமாக, உங்கள் உரிமம் 2027 அக்டோபர் 31 அன்று முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். 2027 ஜனவரியில் கேட்டால் 18 போதும். 2026 மார்ச்சிலேயே கேட்டால் 36. ஏனென்றால் அந்த முழுச் சுற்றில் பெரும்பகுதி நீங்கள் ஆக்டிவாக இருக்கப் போகிறீர்கள்.

ரிட்டயர்டில் பின்னோக்கி. ரிட்டயர்ட் உரிமம் தரப்பட்ட நாளிலிருந்து எத்தனை நாள் ஆயிற்று? ஒரு வருடத்துக்குள் திரும்பினால் 18, ஒன்றிலிருந்து மூன்று வருடத்துக்குள் என்றால் 36. 2026 ஜூன் 1 அன்று தரப்பட்டது என்றால் 2029 ஜூன் 1க்கு முன்னாலேயே உங்கள் விண்ணப்பம் போர்டின் கையில் இருக்க வேண்டும். ஒருநாள் பிந்தினாலும் வருத்தம் தெரிவித்து ஒரு கடிதம்தான் வரும்.

இந்தத் தேதியைக் காலண்டரில் போடும்போது ஆறு மாதம் முன்னதாகவே போடுங்கள். வகுப்பு முடிக்க, கைரேகை கொடுக்க, கேட்கும் காகிதங்களைத் தேட அந்த நேரம் வேண்டும்.

படிவம் அனுப்பும் முன்

அவசரப்படுகிறவர்கள் படிவத்தை முதலில் அனுப்பிவிட்டு மிச்சத்தைப் பிறகு பார்க்கிறார்கள். தலைகீழ். நிலை மாறிய நாளிலிருந்து உங்களால் ஒரு அமர்வுகூட நடத்த முடியாது. விடைபெறும் அமர்வும் அதில் சேர்த்திதான். அதனால் உரிமம் ஆக்டிவாக இருக்கும்போதே முடிக்க வேண்டியவை சில உண்டு.

கிளையண்டுகள்தான் முதலில். ஒவ்வொருவருக்கும் எத்தனை அமர்வு தேவைப்படும் என்று பார்த்துப் பின்னோக்கித் தேதி போடுங்கள். பல வருடமாக வருகிறவருக்கு மூன்று மாதம்கூடப் போதாமல் போகலாம். யாரிடம் அனுப்புகிறீர்களோ அவருக்கு இடம் இருக்கிறதா என்று நீங்களே ஃபோன் செய்து கேளுங்கள். மூன்று பெயர் எழுதிய தாளைக் கையில் கொடுத்து அனுப்பினால், அந்த மூவரும் புதியவர்களை எடுப்பதில்லை என்று கிளையண்டுக்குத்தான் பிறகு தெரியவரும்.

அடுத்து, நீங்கள் யாருக்காவது மேற்பார்வை செய்கிறீர்களா? இதை அழுத்திச் சொல்ல வேண்டும். எல்.சி.எஸ்.டபிள்யூ. ஆக ஓர் அசோசியேட் 3,000 மணி நேரம் சேர்க்க வேண்டும், அதுவும் ஆக்டிவ் உரிமம் உள்ளவரின் மேற்பார்வையில். உங்கள் உரிமம் திங்கட்கிழமை இன்ஆக்டிவ் ஆகி, செவ்வாய்க்கிழமை வழக்கம்போல அந்தப் பெண்ணோடு உட்கார்ந்து கேஸ் பேசினால், அந்த மணி நேரம் அவள் கணக்கில் சேராது. அது அவளுக்குத் தெரியவருவது பெரும்பாலும் ஒன்றரை வருடம் கழித்து, விண்ணப்பம் போடும்போதுதான். புது மேற்பார்வையாளர் பொறுப்பேற்கும் நாள் முடிவான பிறகு உங்கள் தேதியை வையுங்கள். வாராந்திரப் பதிவேடுகளில் கையெழுத்து, அனுபவச் சரிபார்ப்புப் படிவம், எல்லாவற்றையும் கிளம்பும் முன் முடித்துக் கொடுத்துவிடுங்கள். கடல் தாண்டிப் போன மேற்பார்வையாளரின் கையெழுத்துக்காக மின்னஞ்சல் மேல் மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டிருக்கும் அசோசியேட்டுகளை நான் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது, கோப்புகள். உரிமம் தூங்கினாலும் கோப்புகளைப் பாதுகாக்கும் கடமை தூங்காது. பெரியவர் என்றால் சிகிச்சை முடிந்த நாளிலிருந்து குறைந்தது 7 வருடம். சிறுவர் என்றால் அவருக்கு 18 வயது ஆன நாளிலிருந்து 7 வருடம். பத்து வயதுப் பையன் ஒருவனை 2026இல் கடைசியாகப் பார்த்தீர்கள் என்றால் அவன் கோப்பு 2041 வரை பத்திரமாக இருக்க வேண்டும். எங்கே இருக்கும்? கராஜில் அட்டைப் பெட்டியிலா? அந்த வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டுப் போகிறீர்களா? பூட்டு, சாவி, கடவுச்சொல், உங்களுக்கு ஏதாவது ஆனால் எடுத்துக் கொடுக்கப் போகும் சக பணியாளர், இவ்வளவையும் எழுத்தில் வையுங்கள். கிளையண்டுக்கும் எந்த முகவரிக்கு எழுதினால் தன் கோப்பு கிடைக்கும் என்று தெரிய வேண்டும்.

நான்காவது காப்பீடு. உங்கள் தொழில் காப்பீடு எந்த வகை என்று பாலிசியை எடுத்துப் பாருங்கள். அக்கரன்ஸ் வகை என்றால், காப்பீடு இருந்த காலத்தில் நடந்ததற்கு எப்போது வழக்கு வந்தாலும் அது பொறுப்பேற்கும். க்ளெய்ம்ஸ்-மேட் வகை என்றால் வழக்கு வரும் நாளிலும் பாலிசி உயிரோடு இருக்க வேண்டும். பாலிசியை நிறுத்திவிட்டால், போன வருடம் நடந்த ஒன்றுக்கு இந்த வருடம் புகார் வந்தால் நீங்கள் தனியாகத்தான் நிற்க வேண்டும். அதற்கு டெயில் என்று ஒரு நீட்டிப்பு விற்கிறார்கள். ஓய்வு பெறுபவருக்கு அதை இலவசமாகவே தரும் பாலிசிகளும் உண்டு. கேட்டால்தான் சொல்வார்கள்.

மற்றபடி, நீங்கள் ஒப்பந்தம் போட்டிருக்கும் இன்சூரன்ஸ் பேனல்களுக்கு அதில் சொன்ன முன்னறிவிப்பு, என்.பி.ஐ. (மருத்துவ சேவை தருபவருக்கான தேசிய அடையாள எண்) விவரத்தில் முகவரி மாற்றம், இணையதளத்தையும் சிகிச்சையாளர் பட்டியல்களில் இருக்கும் உங்கள் பக்கத்தையும் எடுத்துவிடுவது. ஒரு மதியத்தில் முடிகிற வேலைகள்.

விண்ணப்பம்

இதில் பெரிதாக ஒன்றும் இல்லை. இன்ஆக்டிவ் வேண்டுமென்றால் புதுப்பிக்கும் நேரத்தில் போர்டின் பிரீஸ் என்ற இணைய வழியிலேயே அந்த நிலையைத் தேர்ந்தெடுக்கலாம். சுற்றின் நடுவில் என்றால் அதற்கான கோரிக்கை. ரிட்டயர்டுக்குத் தனி விண்ணப்பம், 40 டாலர். உரிமம் இடைநீக்கத்திலோ ஒழுங்கு நடவடிக்கையிலோ இருக்கக் கூடாது. தண்டனையிலிருந்து தப்பிக்க ரிட்டயர்ட் வழி ஆகாது. உரிமம் புதுப்பிக்கத்தக்க நிலையில் இருக்கவும் வேண்டும், அதாவது காலாவதியாகி மூன்று வருடம் தாண்டியிருக்கக் கூடாது.

அனுப்பிய பிறகு, உரிமம் தேடும் பொதுப் பக்கத்தில் உங்கள் பெயரைப் போட்டு நிலை மாறியிருக்கிறதா என்று பாருங்கள். யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடிய பக்கம் அது, உங்கள் பழைய கிளையண்டும் பார்ப்பார். அந்தத் திரையைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கையில் இருக்கும் தொடர்கல்விச் சான்றிதழ்களைக் கிழித்துப் போட வேண்டாம். கடைசியாக ஆக்டிவாகப் புதுப்பித்த நாளிலிருந்து இரண்டு வருடம் வைத்திருக்க வேண்டும். தணிக்கை வந்தால் கேட்பார்கள்.

அதற்கப்புறம்

ரிட்டயர்ட் ஆனவர்கள் பெயருக்குப் பின்னால் என்ன போட்டுக்கொள்ளலாம் என்பதற்கும் சட்டம் இருக்கிறது. "ரிட்டயர்ட் லைசென்ஸ்டு கிளினிக்கல் சோஷியல் வொர்க்கர்" என்றோ, அதே பட்டத்தை எழுதிக் கடைசியில் "ரிட்டயர்ட்" என்று சேர்த்தோ போடலாம். ஒன்று மட்டும் கூடாது, "ரிட்டயர்ட்" என்ற சொல்லைச் சுருக்கக் கூடாது. ஆங்கிலத்தில் மூன்றெழுத்தில் சுருக்கி ஒரு புள்ளி வைப்பார்களே, அது செல்லாது. மின்னஞ்சலின் அடியில் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும் கையெழுத்தை முதல் நாளே மாற்றிவிடுங்கள். அதைத்தான் எல்லாரும் மறக்கிறார்கள், நானும் மறந்தேன்.

இனி எல்லாவற்றையும்விடச் சங்கடமானது. கோயிலில் அன்னதான வரிசையில் நிற்கிறீர்கள். பின்னாலிருந்து ஒரு குரல்: "அக்கா, நீங்க கவுன்சலிங் பண்றவங்கதானே? என் பொண்ணு பத்து நாளா ரூமை விட்டு வெளிய வரலை. ஒரு தடவை வந்து பேசுங்களேன். நீங்க காசு வாங்க மாட்டீங்கன்னு தெரியும்." மறுக்க மனசு வராது. ஆனால் காசு வாங்காதது மட்டும் விதிவிலக்கு ஆகாது. யார் எந்த இடத்தில் உரிமம் இல்லாமல் வேலை செய்யலாம் என்று சட்டம் தனியாகப் பட்டியல் போட்டிருக்கிறது, "தெரிந்தவர்கள் வீடு" அதில் இல்லை. பக்கத்து வீட்டுக்காரராகப் போய் ஒரு காபி குடிக்கலாம், யாரிடம் போக வேண்டும் என்று சொல்லலாம், 988 என்ற நெருக்கடி உதவி எண்ணைக் கொடுக்கலாம், கூட உட்கார்ந்து அப்பாயின்ட்மென்ட் வாங்கித் தரலாம். நோயைக் கணிப்பதும் வாராவாரம் அமர்வு நடத்துவதும் கூடாது. "அம்மா, என் லைசென்ஸ் இப்போ தூங்குது. அதனாலதான் உங்களை நல்ல ஆள்கிட்ட அனுப்பறேன்" என்று நான் சொல்வேன். யாரும் கோபித்துக்கொண்டதில்லை.

இன்ஆக்டிவிலோ ரிட்டயர்டிலோ இருந்தாலும் முன்பு நடந்ததற்குப் புகார் வந்தால் போர்டு விசாரிக்கும். அந்தக் கடிதம் உங்களுக்குக் கிடைக்க வேண்டும். முகவரி மாறினால் 30 நாளுக்குள் போர்டுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது இன்ஆக்டிவில் இருப்பவருக்கும் உண்டு. நான் மதுரையில் இருந்தபோது ஃப்ரீமான்டில் விட்டுவிட்டு வந்த பழைய அபார்ட்மென்ட் முகவரியையே வைத்திருந்தேன். புதுப்பிப்பு அறிவிப்பு அங்கே போய், அடுத்துக் குடிவந்தவர் அதை மின்சார பில்லோடு சேர்த்து ஒரு டிராயரில் போட்டு வைத்திருந்தார். நல்ல மனிதர், தூக்கிப் போடவில்லை. உரிமம் முடிய ஒன்பது நாள் இருக்கும்போது வேறு எதையோ தேடி இணையத்தில் நுழைந்தபோதுதான் தேதியைப் பார்த்தேன். அறிவிப்பு வரவில்லை என்ற காரணம் எடுபடாது. தேதியை நினைவில் வைத்திருப்பது நம் வேலைதான்.

திரும்பி வரும்போது

18 அல்லது 36 மணி நேரத்தைத் தவிர இரண்டு ஒருமுறைப் பயிற்சிகள் இருக்கின்றன. தற்கொலை அபாயத்தை மதிப்பிடுவது பற்றி 6 மணி நேரம், 2021 ஜனவரி முதல். டெலிஹெல்த், அதாவது வீடியோ, ஃபோன் வழிச் சிகிச்சை பற்றி 3 மணி நேரம், 2023 ஜூலை முதல். இந்தத் தேதிகளுக்கு முன்பே இன்ஆக்டிவ் எடுத்து நீண்ட நாள் வெளியே இருந்தவர்கள் இவை வந்ததையே அறியாமல் இருக்கலாம். ஆக்டிவாக மாற்றக் கேட்கும்போது இவற்றை முடித்திருக்க வேண்டும். முன்பே படித்திருந்தால் சான்றிதழைத் தேடி எடுங்கள், மறுபடி படிக்கத் தேவையில்லை.

இன்ஆக்டிவிலிருந்து திரும்பினால் மிச்சப் பாதிக் கட்டணமும் கட்ட வேண்டியிருக்கும். ரிட்டயர்டிலிருந்து என்றால் முழுப் புதுப்பிப்புக் கட்டணம், கூடவே போர்டின் விதிப்படி கைரேகையும் கொடுக்க வேண்டும். அப்புறம் போர்டின் பக்கத்தில் ஆக்டிவ் என்று வருகிற வரை முதல் கிளையண்டுக்குத் தேதி கொடுக்காதீர்கள். விண்ணப்பம் போய்விட்டது, பணம் கட்டியாயிற்று என்பதெல்லாம் கணக்கில் வராது.

தோழி இன்ஆக்டிவ் எடுத்தாள். அதற்கு முன்னால் நான்கு வாரம் தள்ளிப்போட்டாள், அவளிடம் இருந்த அசோசியேட்டுக்கு ஆள் கிடைக்கும் வரை. அஞ்சல் முகவரியாக அண்ணன் வீட்டைக் கொடுத்திருக்கிறாள். உரிமம் முடியும் தேதியை அண்ணியின் சமையலறைக் காலண்டரிலும் எழுதிவிட்டு வந்தாளாம், பால்காரர் கணக்குக்குக் கீழே, சிவப்பு மையில்.